சந்தனம் பட்ட பிளாப்பி

பிள்ளைகளே, என்னுடைய பழைய நீல அட்டை நோட்டைக் கேட்டிருந்தீர்கள். கம்ப்யூட்டரில் இது வந்தால் இப்படிச் செய், அது போனால் அப்படிச் செய் என்று ஆவடியில் இருந்த காலத்தில் எழுதி வைத்தது. அதில் பாதிக்கு மேல் இன்றைக்கு எதற்கும் உதவாது. பிளாப்பியே இல்லாத வீட்டில் பிளாப்பியை எப்படிக் கழுவுவது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கேட்டீர்களே என்று நகல் எடுக்க உட்கார்ந்தேன். பதினேழாம் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. "சந்தனம் பட்டால்" என்று தலைப்புப் போட்டு ஆறு வரி எழுதியிருக்கிறேன். அந்த ஆறு வரியை மட்டும் எடுத்துக் கொடுத்தால் பாதி உண்மைதான் உங்கள் கைக்கு வரும். மீதிப் பாதி மூத்தவளுடைய புதுநன்மை சம்பந்தப்பட்டது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் வேலை. உங்கள் அம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் டீச்சர் வேலை கிடைத்தபோது மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்று. கிடைத்த வேலையை விடக் கூடாது என்று சொன்னது நான்தான். இரண்டு வருஷத்தில் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தோம். பிறக்கவில்லை. வருஷத்துக்கு மூன்று தடவை நான் ஊருக்கு வருவேன், பெரிய லீவுக்கு நீங்கள் ஆவடிக்கு வருவீர்கள், அவ்வளவுதான்.

குவார்ட்டர்ஸில் ஒற்றை ஆளுக்கு உலை வைக்கத் தெரியாமல் முதல் மாதம் பூராவும் பழையது தின்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை தினமும் சாயங்காலம் சத்தமாக வாய்ப்பாடு சொல்லும். பதினாறாம் வாய்ப்பாட்டில் ஒரே இடத்தில் தப்பு விடும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து மனசுக்குள் திருத்துவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் எல்லாரும் குடும்பம் குடும்பமாக நின்று பேசுவார்கள். தனியாக நிற்கிற ஆம்பளையிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. "ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்பார்கள். "இருக்காங்க" என்பேன். அதோடு முடிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் செக்ஷனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கை வைத்துக் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று ஒருவரும் கிட்டே போகவில்லை. அதிகாரி வந்து, "யாராவது ஒருத்தர் கத்துக்கணும், யார் வர்றீங்க?" என்று கேட்டார். கவுண்டரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அம்பத்தூர் மேனாம்பேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்தான் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இவருக்குத்தான் சார் ஊட்டுல கேக்கறதுக்கு ஆளு இல்ல. எத்தினி மணி வரைக்கும் வேணாலும் குந்திகினு பாப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படித்தான் அது என் கைக்கு வந்தது.

அதற்கென்று ஒரு கண்ணாடி அறை கட்டி ஏ.சி. போட்டிருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே உட்கார்ந்தால் வெளியே பேசுவது எதுவும் கேட்காது. பத்துப் பேர் கவுண்டரைச் சுற்றி நின்று ஏதோ சொல்லிச் சிரிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. ஸ்டோர்ஸில் உள்ள உதிரிப் பாகங்கள் எல்லாவற்றுக்கும், வாஷர், கேஸ்கெட், ஃபில்டர் என்று ஒன்று விடாமல், பெயர், எண், எந்த ரேக்கில் இருக்கிறது என்று டைப் அடித்து ஏற்றுவதுதான் என் வேலை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் எதையும் சேமித்து வைக்க முடியாது. எல்லாமே பிளாப்பியில்தான். பிளாப்பி என்றால் உள்ளங்கையைவிடப் பெரிய, சதுரமான, கறுப்பு உறை. உறைக்குள்ளே மெல்லிய வட்டத் தகடு. உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு விட்டிருப்பான். மிஷின் அந்தத் திறப்பு வழியாகத்தான் தகட்டைத் தொட்டுப் படிக்கும்.

எனக்கு வகுப்பு எடுக்க யாரும் இல்லை. அண்ணன்தான் சொன்னார். "எங்க ஊட்டாண்ட ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் கிளாசு நட்த்துது. போய்க் கேளு நைனா. நல்லாச் சொல்லிக் குடுக்கும்."

மேனாம்பேட்டில் அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்த இடம். பாதி அறையில் இன்னும் டைப்ரைட்டர்கள் தட்டிக்கொண்டிருக்கும், மறு பாதியில் இரண்டு கம்ப்யூட்டர்கள். நடத்திய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். வாரத்துக்கு இரண்டு நாள் ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஏறிப் போவேன். அங்கேதான் எனக்கு யுடிலிட்டி என்ற வார்த்தை அறிமுகமானது. சின்னச் சின்ன உபயோகமான ப்ரோகிராம்கள். ஒன்று வைரஸைப் பிடிக்கும். ஒன்று பெரிய ஃபைலைச் சுருக்கும். ஒன்று தெரியாமல் அழித்ததை மீட்டுக் கொடுக்கும்.

"காசு எவ்வளவுங்க மேடம்?" என்று கேட்டேன்.

"இது ஃப்ரீ சார். எழுதினவங்களே எல்லாருக்கும் காப்பி பண்ணிக் குடுங்கன்னு போட்டிருக்காங்க."

"சும்மா எதுக்குக் குடுக்கான்?"

"அது எனக்கும் தெரியல சார். நல்ல மனுஷங்களா இருப்பாங்க."

அழித்ததை மீட்கிற அந்த ப்ரோகிராமோடு கூடவே ஒரு கடிதம் இருந்தது. இது உங்களுக்குப் பிடித்திருந்தால் உங்கள் ஊர்ப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று அனுப்புங்கள் என்று எழுதி, ஏதோ ஒரு நாட்டு விலாசமும் கொடுத்திருந்தான். ஆவடிக்கு ஏது படம் போட்ட அட்டை? மெரினா லைட்ஹவுஸ் படம் ஒன்று வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். ஐயா, உங்கள் ப்ரோகிராம் ஆவடியில் நன்றாக வேலை செய்கிறது, நான் சுகம், என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் சுகம். பதில் வரும் என்று ஆறு மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவனுக்கு நான் சுகம் என்று எதற்காக எழுதினேனோ.

அந்த ப்ரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று மேடம் விளக்கியதை நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் இது உதவும், கவனியுங்கள். ஒரு ஃபைலை அழித்தால் அது உடனே போய்விடுவதில்லை. பட்டியலில் அதன் பெயரைத்தான் மிஷின் அடிக்கிறது. அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. அதன்மேல் வேறு எதையாவது எழுதும் வரை பழையது அங்கேயே கிடக்கும். ஆகவே, ஐயோ அழித்துவிட்டோமே என்று தெரிந்தால் முதல் வேலை கையை எடுத்துவிடுவது. அந்த டிஸ்க்கில் எதையும் சேமிக்காதீர்கள், புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். மீட்கிற ப்ரோகிராமைக்கூட வேறொரு டிஸ்க்கில் இருந்துதான் ஓட்ட வேண்டும். அவசரப்பட்டுக் கையை வைப்பவர்கள்தான் நிரந்தரமாக இழக்கிறார்கள். செக்ஷனிலும் நான் இதைப் பேப்பரில் எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டி வைத்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் அதன்மேல் கையை ஊன்றிக்கொள்வார்கள்.

மூத்தவளுக்கு எட்டு வயதாகும்போது, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு நாள் குறித்தார்கள். அக்டோபர் மாதம், ஆயுத பூஜை வாரத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிப் பூசை. எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அம்மா, இரண்டு பேரும் தோளில் கை வைத்துப் பீடம் வரை கூட்டிப் போக வேண்டும். பிள்ளை கையில் இருக்கிற மெழுகுவர்த்தியை அப்பாதான் பற்ற வைக்க வேண்டும். இன்லேண்ட் லெட்டரில் அம்மா எழுதி முடித்த பிறகு மிச்சம் இருந்த ஓரத்தில் நீ எழுதியிருந்தாய், மகளே. "அப்பா, தீப்பெட்டி வேண்டாமாம். பீடத்துல எரியிற பெரிய திரியில இருந்து பத்த வைக்கணுமாம். சிஸ்டர் சொன்னாங்க. பழகிட்டு வாங்க."

மெழுகுவர்த்தி பற்ற வைக்க நான் எங்கே போய்ப் பழகுவது? ஆனாலும் ஒரு நாள் குவார்ட்டர்ஸில் பழகிப் பார்த்தேன்.

அதிகாரியிடம் லீவு கேட்டேன். புதுநன்மைக்கு மறுநாள் திங்கட்கிழமை மேலிடத்தில் இருந்து சோதனைக்கு வருகிறார்கள், உதிரிப் பாகப் பட்டியல் முழுதும் பிரிண்ட் எடுத்துத் தயாராக இருக்க வேண்டும் என்றார். "சனிக்கிழமை மத்தியானம் லிஸ்ட்டை என் டேபிள்ல வச்சிட்டு நீங்க தாராளமா போயிட்டு வாங்க. ஒரு நாள் கூடவே எடுத்துக்குங்க." நல்ல மனுஷன் அவர். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பாரிமுனையில் கிளம்புகிற விரைவுப் பேருந்தில் சீட்டுப் போட்டேன். ஞாயிறு விடிவதற்குள் பாளையங்கோட்டை போய்விடும். அதை விட்டால் பூசைக்கு முன்னால் போய்ச் சேருகிற பஸ் எதிலும் இடம் இல்லை. பண்டிகைக் கூட்டம்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின திங்கட்கிழமை செக்ஷனில் ஆயுத பூஜை. அன்றைக்கு மட்டும் குடும்பத்தாரை உள்ளே கூட்டி வர அனுமதி உண்டு. பெண்டு பிள்ளைகள் பட்டுப் பாவாடையும் மல்லிகைப் பூவுமாக ரேக்குகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்பேனர், தராசு, தள்ளுவண்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஒரு குட்டிப்பெண் என் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தது. எனக்கு அதற்குமேல் இருக்கப் பிடிக்கவில்லை. அண்ணனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

"இன்னா, பொரி வாங்காம போற? செரி, போ. ஒன் டேபிளுக்கும் நானே வெச்சிடறேன். ஒங்க சாமி கோச்சிக்காதுல்ல?"

"கோச்சிக்காதுண்ணே" என்றேன்.

இரண்டு நாள் விடுமுறை போய் வியாழக்கிழமை காலை கண்ணாடி அறையைத் திறந்தால் சந்தன வாசம் கம்மென்று இருந்தது. மானிட்டரில் பட்டை, கீபோர்டில் பொட்டு. அதெல்லாம் துடைத்தால் போகும். பிளாப்பிப் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு பிளாப்பி, அதற்கு நகல் பன்னிரண்டு. இருபத்து நாலும் மாலை போட்டது போல ஒரு கதம்பச் சரத்துக்குக் கீழே வரிசையாக நின்றன. ஒன்றை உருவினேன். அந்த நீள்வட்டத் திறப்பின் நட்டநடுவில், தகட்டின் மேலேயே, விரலால் எடுத்து வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன்மேல் குங்குமம். அடுத்ததை உருவினேன். அதிலும் அப்படியே. நம்பாமல் ஒன்றை மிஷினில் போட்டேன். டர்ரென்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்று வந்தது.

அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாரி கீது?"

"அண்ணே, இதுல யாரு சந்தனம் வச்சது?"

"நான்தான். ஒண்ணு வுடாம எல்லாத்துக்கும் வெச்சேன். பொட்டிக்கு வெச்சிட்டு இதுக்கு வெக்காம வுட்டா நல்லாவா கீது? கண்ணு மாரி ஓட்டை உட்ருக்கான் பாரு, கரீட்டா அதுல வெச்சேன்."

"அண்ணே, அந்த ஓட்டைலதான் எல்லாமே இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிளாப்பியைப் பார்த்தார். பேண்ட் பையில் இருந்து எண்ணெய் துடைக்கிற துணியை எடுத்தார். "தொடைச்சா பூடாதா?" நான் பிளாப்பியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"வேற எங்கயும் இப்படி வச்சீங்களாண்ணே?"

துணியைத் திரும்பப் பையில் செருகினார். "பிளானிங்ல கூப்ட்டாங்கோ. டைம் ஆபீசுலயும் தட்ட எட்த்துகினு போனேன்" என்றார்.

என் மடத்தனத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக நகல் எடுத்து வைத்தவன், இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தேன். நகல் என்பது வேறு இடத்தில் இருந்தால்தான் நகல். ஒரே வீட்டில் இருந்தால் ஒரே தீயில் போகும். பதினேழாம் பக்கத்தின் முதல் வரி இதுதான். இதை மட்டும் எந்தக் காலத்திலும் மறக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் மேனாம்பேட்டுக்கு ஓடினேன். மேடம் கேட்டுவிட்டுச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "எப்ப சார் வேணும்?" என்றார். சனிக்கிழமை மத்தியானம் என்றேன். பொண்ணுக்குப் புதுநன்மை என்றும் சொன்னேன். உடனே ஒரு பேப்பரை எடுத்து எழுதிக் கொடுத்தார். உறையின் ஒரு ஓரத்தை வெட்ட வேண்டும். தகட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். நடுவில் விரல் படக் கூடாது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரில் அலச வேண்டும், தேய்க்கக் கூடாது. நிழலில் காய வைக்க வேண்டும். புதுப் பிளாப்பி ஒன்றின் உறையை வெட்டி, காய்ந்த தகட்டை அந்தச் சட்டைக்குள் போட்டு, உடனே வேறு பிளாப்பிக்கு நகல் எடுக்க வேண்டும். "கோடு விழுந்த எடத்துல சாதாரணமா காப்பி ஆகாது சார். இதைப் போட்டு ஓட்டுங்க. விடாம திரும்பத் திரும்பப் படிச்சுப் பாக்கும்." இன்னொரு இலவச ப்ரோகிராம். அதை எழுதியவன் தபால் அட்டைகூடக் கேட்கவில்லை.

வெளிப் பிளாப்பியை உள்ளே கொண்டுபோக அதிகாரி கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை காலை அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டுக் கொடுத்தார். பேட்டரி ரூமில் எனாமல் தட்டு வைத்து நான் அலச, அண்ணன் இரண்டு ரேக்குக்கு நடுவே டேக் நூலைக் கட்டி, ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். கறுப்புத் தகடுகள் காற்றில் ஆடின. மின்விசிறியைக்கூட அவரே கொண்டுவந்து, தூசி கிளம்பாத தூரத்தில் வைத்தார்.

"எம் பொண்டாட்டி ஜாக்கெட்டகூட நான் இப்டி காய வெச்சது கெடியாது" என்றார். பிறகு மெதுவாக, "ஒன் பொண்ணு விசேசம் கெட்டுப்போனா நான் சாவற வரைக்கும் மன்சு ஆறாது நைனா" என்றார்.

மத்தியானத்தில் இருந்து ஓட்டத் தொடங்கினேன். திரையில் புள்ளி புள்ளியாகக் கட்டம் வரும். ஒவ்வொரு புள்ளியும் தகட்டில் ஒரு துண்டு இடம். படித்துவிட்டால் புள்ளி வெள்ளையாகும். சந்தனம் உராய்ந்த இடத்தில் நின்றுகொண்டு டக், டக், டக் என்று முட்டிப் பார்க்கும். சில சமயம் நூறு தடவை. அப்புறம் திடீரென்று வெள்ளையாகிவிடும். ஒன்று போனால் அதன் நகலில் கிடைத்தது. இரண்டிலும் போனவை நாற்பது வரி இருக்கும். அவற்றை ரேக் அட்டைகளைப் பார்த்து மறுபடி டைப் அடித்தேன். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டரைக்கு லிஸ்ட் அதிகாரி மேசையில் இருந்தது. அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். "கிளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

இரண்டு மணிக்கு ஆவடி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் போதும். துணிப் பை ஏற்கெனவே மேசைக்கு அடியில் தயாராக இருந்தது.

கண்ணாடி அறைக்குத் திரும்பினால் வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு கிடந்தது. பிளானிங் செக்ஷனில் இருந்து மூன்று பேர், வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீசில் இருந்து இரண்டு பேர். எல்லார் கையிலும் சந்தனம் பட்ட பிளாப்பி.

"பிரதர், உங்களாலதான் முடியும்னு சொன்னாங்க."

"நம்ம அஞ்சு வருஷத்து ரெக்கார்டு பிரதர் இது. ஒரே ஒண்ணு பாத்துக் குடுத்துட்டுப் போங்க."

ஒருவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். இன்னொருவர் டீ சொல்லியிருந்தார். அந்த ஃபேக்டரியில் பல வருஷமாக இருக்கிறேன், யாரும் எனக்காக நாற்காலியைத் தள்ளியது இல்லை. ஒன்றுதானே என்று உட்கார்ந்தேன். கழுவுவது எப்படி, பிடிப்பது எப்படி என்று சொல்லிச் சொல்லிச் செய்தேன். சுற்றி நின்று கேட்டார்கள். புள்ளி வெள்ளையானதும் "ஆங்" என்றார்கள். நான் ஏதோ சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கு உள்ளே சிரிப்புக் கேட்டது அன்றைக்குத்தான். இரண்டு மணி ஆயிற்று. மணியைப் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். பார்த்தேன். நேரெதிரே சுவரில் இருந்தது.

இரண்டேகாலுக்கு அண்ணன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "யோவ், வண்டி எத்தினி மணிக்கு? கெளம்புய்யா. இது இன்னா எழுந்து ஓடியா பூடும்? செவ்வாக்கெழமை வந்து பாத்துக்கோ."

"இதோ, இந்த ஒண்ணுண்ணே."

அடுத்த ஒன்று. அதற்கு அடுத்த ஒன்று. ரெண்டே முக்காலுக்கு அவர் மறுபடி வந்தார். எதுவும் சொல்லாமல் நின்று பார்த்துவிட்டுப் போனார். மூன்று மணி பத்து நிமிடத்துக்குத்தான் நான் எழுந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், பாரிமுனை போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். என் பஸ் நின்ற இடத்தில் வேறு ஊர் பஸ் நின்றது. ஒன்பது மணி பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் இடம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுப் படியேறியபோது பதினொன்றரை. பந்தி நடந்துகொண்டிருந்தது. தாய்மாமாதான் உன் தோளில் கை வைத்துக் கூட்டிப் போனார், அவர்தான் திரியைப் பற்ற வைத்தார் என்று வாசலிலேயே யாரோ சொன்னார்கள். நீ வெள்ளை கவுனோடு வந்தாய், மகளே. தலையில் பூக்கிரீடம் கொஞ்சம் சரிந்திருந்தது. ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை.

"கம்ப்யூட்டரு சரியாயிட்டாப்பா?" என்று கேட்டாய். சந்தன விஷயத்தை வெள்ளிக்கிழமையே பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

"சரியாயிட்டும்மா. அந்த ஆபீசர் விடல. வேலைய முடிச்சிட்டுத்தான் போகணும்னு பிடிச்சு வச்சிக்கிட்டாரு" என்றேன்.

அம்மா எனக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். "கை கழுவிட்டு உக்காருங்க" என்றாள். நீ "அவுக கெட்ட ஆபீசரா?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் நீ பிடிவாதம் பிடிக்கிறவர்களை எல்லாம் "அப்பா ஆபீசர் மாதிரி" என்பாய். நான் ஒரு தடவையும் திருத்தவில்லை. அந்த மனுஷன் என்னைப் பிடித்து வைக்கவில்லை. எழுந்து நின்று கை கொடுத்து அனுப்பினார். நானாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பினேன். அண்ணன் கவுண்டரில் இருந்து எழுந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றார். நான் வெளியே போனேன்.

"ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாதேன்னாங்கோ. ஆனா மன்சு கேக்கல."

"யாரு சொல்லாதேன்னது?"

"ஒன் சம்சாரம். சனிக்கெழம ரெண்டரைக்கு கவுண்டர் போனுக்கு அட்ச்சாங்கோ. கெளம்பிட்டாரான்னு கேட்டாங்கோ. நான் ஒளறிட்டேன்யா. லிஸ்ட்டு அப்பவே குட்த்துட்டாரு, சும்மா அவுங்களுக்கு இவுங்களுக்குப் பாத்துக் குட்த்துகினு குந்திகினு கீறாரும்மா, இரு, இட்டாறேன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"வேணாம்ணே, கூப்புடாதீங்க, இருக்கட்டும்னிச்சி. நான் போன் பண்ணேன்னும் சொல்லாதீங்கன்னு வெச்சிடிச்சி."

அப்படியென்றால் நான் ஆபீசர் விடல என்று உன்னிடம் சொன்னபோது, கையில் சாதக் கரண்டியோடு நின்ற அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கை கழுவிவிட்டு உட்காரச் சொன்னாள். அவள் அதை என்னிடம் கேட்டதே இல்லை. நானும் அவளிடம் சொன்னதில்லை.

அன்று ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். நம் வீட்டில் அப்போது ஃபோன் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை அறையில்தான் ஒன்று உண்டு. மணி ஆறரை, பள்ளிக்கூடத்தைப் பூட்டியிருப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் எண்ணைச் சுழற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அறையில் சுவரோரமாக ஒரு பெஞ்சு உண்டு, அதில் உட்கார்ந்துதான் அம்மா என்னோடு பேசுவாள். பூத்துக்கு வெளியே காத்திருந்த ஆள் கண்ணாடியைத் தட்டும் வரை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.